ஒரே கார் ஸ்கிரீனை நாலு பேர் ஒரே நேரத்தில் இயக்க முடியுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஏழு சீட் வண்டி, அதில் ஒரே ஒரு பத்து இன்ச் டச் ஸ்கிரீன். ஓட்டுவது நீங்கள், வயரில் மாட்டியிருப்பதும் உங்கள் போன்தான். பக்கத்து சீட்டில் மனைவி மேப் பார்க்க வேண்டும் என்கிறார். நடு சீட்டில் இரண்டு பிள்ளைகள் பாட்டை மாற்றச் சொல்லி உங்கள் தோளைத் தட்டுகிறார்கள். கடைசி சீட்டில் அப்பா, பி.பி. ஸ்ரீனிவாஸ் எப்போது வருவார் என்று காத்திருக்கிறார். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை இதே கதை. எல்லோரும் அவரவர் போனிலிருந்தே அந்த ஒரு ஸ்கிரீனை ஒரே நேரத்தில் இயக்க வழி உண்டா, இப்போதிருக்கும் செட்டைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு செட் போட்டால் முடியுமா என்று கேட்கிறீர்கள். நாலு போனையும் ப்ளூடூத்தில் சேர்த்துப் பார்த்ததாகவும், ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒரு ஸ்கிரீனோடு எத்தனை போன் சேரும் என்பது ஒன்று. சேர்ந்த பிறகு, ஒரே நொடியில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் வண்டி யார் பேச்சைக் கேட்கும் என்பது இன்னொன்று. முதலாவது வயர், வைஃபை சமாச்சாரம், எப்படியாவது சமாளித்துவிடலாம். இரண்டாவதுதான் ஆளைத் திணறடித்துவிடும். இந்த மாதிரி ஸ்கிரீன்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது; அதில் பாதிக் காலம் இந்த இரண்டாவது கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது வண்டிக்குள் இருக்கும் பெட்டியின் பக்கம், போன் ஆப் எழுதியவன் இல்லை. உங்கள் செட் எந்த மாடல் என்று நீங்கள் சொல்லாததால் மெனு பெயர்களுக்குள்ளும் போகவில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். உங்கள் போனைக் கார்ப்ளேயிலோ (ஐபோனுக்கு) ஆண்ட்ராய்டு ஆட்டோவிலோ (ஆண்ட்ராய்டு போனுக்கு) மாட்டியதும் ஸ்கிரீனில் மேப்பும் பாட்டும் வருகிறதே, அதை வரைவது உங்கள் வண்டி இல்லை. போன்தான் முழுப் படத்தையும் தனக்குள் வரைந்து, சினிமா ஓட்டுவதுபோல வீடியோவாக வண்டிக்கு அனுப்புகிறது. நீங்கள் ஸ்கிரீனைத் தொட்டால், இடமிருந்து இத்தனையாவது புள்ளி, மேலிருந்து இத்தனையாவது புள்ளி என்ற கணக்கு மட்டும் போனுக்குத் திரும்பப் போகிறது. அங்கே என்ன பட்டன் இருந்தது என்றுகூட வண்டிக்குத் தெரியாது. அதாவது அந்த நேரத்தில் உங்கள் பத்து இன்ச் ஸ்கிரீன் என்பது உங்கள் போனுக்கு ஒரு மானிட்டர், அவ்வளவுதான். ஒரு மானிட்டரில் ஒரே நேரத்தில் இரண்டு போனின் வீடியோவை வைக்க இந்த இரண்டு முறைகளிலும் இடமில்லை. கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் 2014ல் அறிவிக்கப்பட்டபோதே ஒரு வண்டி, ஒரு போன் என்ற கணக்கில் வந்தவை.

ப்ளூடூத்தில் நீங்கள் பார்த்ததும் இதன் இன்னொரு முகம். ப்ளூடூத்தில் பேசுவதற்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி, பாட்டை நிறுத்து, மாற்று என்று சொல்வதற்கு ஒரு வழி என்று தனித்தனியாக உண்டு. பல செட்டுகள் இரண்டு போனை அழைப்புக்காக ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டு என்று வந்தால் ஒன்றுதான் ஓடும். பெரிய பையன் தன் போனில் பிளே அழுத்தியதும் சின்னவள் போனின் பாட்டு நிற்பது பழுது இல்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அடுத்து, விரல். சும்மா எல்லோரும் ஸ்கிரீனையே தொட்டுக்கொள்ளட்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கார் ஸ்கிரீன் ஒரே நேரத்தில் பல விரல்களை உணரும். ஆனால் அது யார் விரல் என்று அதற்குத் தெரியாது. தோலில் உள்ள மின்தேக்கம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வலையைக் கொஞ்சம் கலைக்கிறது, அதைத்தான் அது அளக்கிறது. ஓட்டுநரின் விரலும் பக்கத்து சீட்டுக்காரரின் விரலும் அதற்கு ஒன்றே. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு விரல் வைத்தால், மேப்பைப் பெரிதாக்க ஒருவர் இரண்டு விரலை விரிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் மனைவி மேப்பைத் தள்ளும்போது நீங்கள் தற்செயலாக ஓரத்தைத் தொட்டால் மேப் திடீரென்று ஊரையே தாண்டிப் பறந்துவிடுவது இதனால்தான்.

யார் விரல் என்று கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். 2001ல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் பால் டீட்ஸ், டேரன் லீ என்ற இருவர் டயமண்ட்டச் என்று ஒரு மேஜை செய்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சாதனம் அது. மேஜைக்கு அடியில் ஏகப்பட்ட ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் தனித்தனி சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் மேஜையைத் தொட்டால் அந்த இடத்து சிக்னல் உங்கள் உடம்பு வழியாக இறங்கி, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போகும். நாற்காலிக்கு ஒரு ரிசீவர். எந்த நாற்காலியில் எந்த சிக்னல் வந்தது என்று பார்த்தால் யார், எங்கே தொட்டார் என்று இரண்டுமே தெரிந்துவிடும். காருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது, இல்லையா? காரில் எல்லோரும் சீட்டில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். ஒரே சிக்கல், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டிருந்தால் இருவரின் சிக்னலும் கலந்துவிடும். பின்சீட்டுப் பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டால் கணக்கு தப்பும். இந்த வழி விற்பனைக்கு வரும் கார்களில் பரவவில்லை.

கார் கம்பெனிகள் வேறு பக்கம் போனார்கள். 2009 வாக்கில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸிலும் ரேஞ்ச் ரோவரிலும் ஒரே திரையில் இரண்டு படம் வந்தது. ஓட்டுநர் பக்கமிருந்து பார்த்தால் மேப், பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் சினிமா. கண்ணாடிக்கு முன்னால் மெல்லிய கோடுகள் போட்ட ஒரு தடுப்பு இருக்கும். ஒற்றைப்படைப் பத்திகளின் புள்ளிகள் ஒரு பக்கத்துக்கும் இரட்டைப்படைப் பத்திகளின் புள்ளிகள் மறுபக்கத்துக்கும் தெரியும். அதனால் அகலவாக்கில் ஆளுக்குப் பாதித் தெளிவுதான். சரியாக நடுவில் பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கு இரண்டும் கலந்து ஒரு குழப்பம் தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, மெர்சிடிஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கையில் ஒரு ரிமோட் கொடுத்தார்கள் என்பது. படத்தை இரண்டாகப் பிரிக்க முடிந்தது, தொடுகையைப் பிரிக்க முடியவில்லை. பத்து வருடம் கழித்து, 2019ல் வந்த மெர்சிடிஸ் சிஎல்ஏ காரில், கூரையிலிருந்து ஒரு கேமரா கீழே பார்த்து, ஸ்கிரீனை நோக்கி நீளும் கை ஓட்டுநருடையதா பக்கத்து சீட்டுக்காரருடையதா என்று பிரித்தறியும் வசதி வந்தது. யார் கை நீள்கிறதோ அவர் சீட்டுக்கான மெனு திறக்கும். நன்றாக யோசித்த வேலை. ஆனால் அது ஸ்கிரீன் வரை கை எட்டுகிறவர்களுக்கு மட்டும். உங்கள் நடு சீட்டுக்கும் அப்பாவுக்கும் உதவாது.

சரி, யார் என்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு முடிச்சு பாக்கி. ஒரு ஸ்கிரீனில் ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் கவனம் இருக்கும். நீங்கள் பெட்ரோல் பங்க்கைத் தேட எழுத்துப் பலகையைத் திறந்திருக்கிறீர்கள், அதே நொடி பிள்ளை தன் போனிலிருந்து பாட்டுத் தேடலைத் திறக்கிறாள் என்றால், நீங்கள் அடிக்கும் எழுத்து எந்தப் பெட்டிக்குள் போகும்? ஒரே எழுத்துப் பலகைதானே இருக்கிறது. நாங்கள் சோதனை செய்தபோது ஒருமுறை "விக்கிரவாண்டி" என்று ஊர் தேடியவருக்கு "விக்கி" வரை மேப்பிலும் "ரவாண்டி" பாட்டுத் தேடலிலும் போய் விழுந்தது. அன்று முழுக்க அலுவலகத்தில் அதுதான் சிரிப்பு.

கம்ப்யூட்டர் உலகம் இதைப் பல வருடங்களாக யோசித்திருக்கிறது. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டிய அந்தப் பிரபலமான நிகழ்ச்சியிலேயே ஒரு திரையில் இரண்டு அம்புக்குறிகள் ஓடின. ஒன்று அவருடையது, மற்றது தள்ளி, மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த சக ஊழியருடையது. அந்தச் சக ஊழியரால் சுட்டிக்காட்ட மட்டும்தான் முடிந்தது, மாற்றும் அதிகாரத்தை எங்கல்பார்ட் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கத்தில், 2009ல், திரையையும் மவுஸையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளுக்குள் பல அம்புக்குறி வசதி வந்தது, அதன் பிறகு வந்த வேலண்ட் முறையில் "சீட்" என்றே ஒரு சொல் உண்டு. ஒருவருடைய மவுஸ், கீபோர்டு, டச் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதிக்கு அந்தப் பெயர். ஒரு திரைக்குப் பல சீட்டுகள் வைக்கலாம். ஆனால் மேலே ஓடும் ஆப்களில் பெரும்பாலானவை ஒரே ஆள் இருக்கிறார் என்று நினைத்து எழுதப்பட்டவை. அடித்தளம் இடம் கொடுத்தும் மேல்மாடியில் ஒரே நாற்காலி என்ற நிலை.

ஆண்ட்ராய்டில் என்ன என்பீர்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் இதை வைத்துத்தான் விற்கிறார்கள். மூன்று வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு ஆட்டோ என்பது மேலே சொன்ன, போனின் படம் வண்டிக்கு வரும் முறை. ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் என்பது வண்டிக்குள்ளேயே நிறுவப்பட்ட இயங்குதளம்; 2020ல் போல்ஸ்டார் 2 காரில் கூகுள் மேப்போடு சேர்ந்து வந்தது. மூன்றாவது, அக்சசரி கடையில் "ஆண்ட்ராய்டு செட்" என்று பெட்டியில் வருவது. அது பெரும்பாலும் ஒரு டேப்லெட்டுக்கு ஆம்ப்ளிஃபையரும் காரில் பொருத்தும் சட்டகமும் சேர்த்தது. நீங்கள் மாற்றலாமா என்று கேட்பது இந்த மூன்றாவதை. இரண்டாவதில், அதாவது ஆட்டோமோட்டிவில், ஆண்ட்ராய்டு 14லிருந்து பல பேர் ஒரே நேரத்தில் தனித்தனிக் கணக்கோடு வண்டியைப் பயன்படுத்த முடியும். எப்படித் தெரியுமா? ஓட்டுநர், பக்கத்து சீட்டு, பின்சீட்டு என்று வண்டியை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு திரை, ஒரு ஆள், ஒரு ஒலி வழி என்று கொடுக்கிறார்கள். ஒரு திரையைப் பல பேர் பங்குபோடும் வேலையில் அவர்களும் இறங்கவில்லை, திரையைத்தான் பெருக்கினார்கள். இது சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்று தெரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில், ஸ்கிரீனைப் பங்குபோட முடியாது என்பதுதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஸ்கிரீனா? பிள்ளைகளுக்கு வேண்டியது அடுத்த பாட்டு. அப்பாவுக்கு வேண்டியது அந்த வரிசையில் ஓர் இடம். மனைவிக்கு வேண்டியது போகும் வழி. ஸ்கிரீனை விட்டுவிட்டு, பாட்டு வரிசையை மட்டும் பொதுவில் வைத்தால் பாதிப் பிரச்சினை இன்றைக்கே தீரும்.

எல்லோரிடமும் ஐபோன் இருந்து, உங்களிடம் ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்தால், 2023ல் வந்த ஐஓஎஸ் 17லிருந்து கார்ப்ளேயில் ஷேர்ப்ளே இருக்கிறது. உங்கள் போன் பாடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் மற்ற ஐபோன்கள் சேர்ந்துகொள்ளலாம், கியூஆர் கோடு காட்டியும் சேர்க்கலாம். பிறகு பாட்டை நிறுத்துவது, அடுத்ததைச் சேர்ப்பது எல்லாம் அவரவர் போனிலிருந்தே. போன்கள் கலந்திருந்தால், ஒரே பாட்டு வரிசையைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் ஸ்பாட்டிஃபை ஜாம் என் தேர்வு. அதே 2023 செப்டம்பரில் வந்தது. ஒருவரிடம் பிரீமியம் இருந்தால் போதும், அவர் தொடங்கலாம். 32 பேர் வரை சேரலாம். தொடங்கியவருக்கு மட்டும் ஒருவரை வெளியே அனுப்பவும், பாட்டு வரிசையை மாற்றவும், பிடிக்காததை நீக்கவும் உரிமை உண்டு. ஓட்டிக்கொண்டே அந்த நிர்வாகத்தை நீங்கள் பார்க்காதீர்கள். கிளம்பும் முன் உங்கள் போனில் ஜாம் தொடங்கிவிட்டு, நிர்வாகம் பார்க்க உங்கள் போனையே மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். வயர் எட்டும் தூரம்தானே. யூட்யூப் மியூசிக்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் கூட்டுப் பட்டியல் ஒன்று போட்டு எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம். அது முந்தின நாள் இரவே பட்டியல் போடுவதற்கு நன்றாக இருக்கும். ஓடும்போது "இப்போ இது வேணும்" என்பதற்கு அவ்வளவு உதவாது. இந்த எல்லா வழிக்கும் ஒவ்வொரு போனிலும் இணையம் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் பின்சீட்டில் சேர்த்த பாட்டு அடுத்த டவர் வந்த பிறகுதான் வரிசையில் ஏறும். அதற்குள் அவர்கள் நாலு தடவை அழுத்தியிருப்பார்கள் என்பதால் நாலு தடவை ஏறவும் கூடும்.

இணையமே வேண்டாம், கையால் செய்து பார்க்கிறேன் என்று ஆர்வம் இருந்தால் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, அதில் எம்பிடி (மியூசிக் பிளேயர் டீமன்) என்கிற, பின்னணியில் ஓடும் பாட்டு மென்பொருளைப் போடுங்கள். 2003லிருந்து இருக்கும் இலவச மென்பொருள். பாட்டு எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில், சத்தம் ஆக்ஸ் வயர் வழியாக வண்டிக்கு. பெட்டியே ஒரு வைஃபை கொடுக்கும், எல்லாப் போனிலும் ஒரு ஆப் போட்டால் எல்லோரும் ஒரே வரிசையைப் பார்க்கலாம், மாற்றலாம். இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல பேர் ஒன்றை இயக்குவதில் என்ன சிக்கல் வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு உதாரணம். வரிசையில் ஐந்து பாட்டுகள். மூன்றாவது பாட்டு இரண்டு பிள்ளைகளுக்குமே பிடிக்கவில்லை. இருவரும் ஒரே நொடியில் "மூன்றாவதை நீக்கு" என்று அழுத்துகிறார்கள். பெட்டிக்கு முதலில் வந்த கட்டளை மூன்றாவதை நீக்குகிறது. நாலாவது பாட்டு மூன்றாவது இடத்துக்கு ஏறுகிறது. கால் நொடி கழித்து இரண்டாவது கட்டளை வருகிறது, மூன்றாவதை நீக்கு. போச்சு. அப்பா காத்திருந்த பி.பி. ஸ்ரீனிவாஸ் போய்விட்டார், யாருமே அவரை நீக்கவில்லை. இதைத் தவிர்க்க எம்பிடி வரிசைக்குள் வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் கொடுக்கிறது. இடம் மாறினாலும் அந்த எண் மாறாது. ரேஷன் கடையில் டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் எங்கே நின்றாலும் டோக்கன் எண் அதேதான். "டெலீட்" என்ற கட்டளை இடத்தைச் சொல்லும், "டெலீட்ஐடி" என்ற கட்டளை டோக்கனைச் சொல்லும். டோக்கன் சொல்லி நீக்கினால், இரண்டாவது பிள்ளையின் கட்டளைக்கு அப்படி ஒரு பாட்டே இல்லை என்று பதில் வரும். அப்பாவின் பாட்டு பிழைக்கும். வரிசை மாறியதும் எல்லாப் போன்களுக்கும் தகவல் போகவும் அதில் வழி இருக்கிறது.

வால்யூம் இன்னும் மோசம். அதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், நாலு டேப்லெட்டிலிருந்து ஒரு வண்டியின் பாட்டையும் ஏசியையும் இயக்கும் மாதிரி ஒன்றைச் செய்தோம். மேஜையில் தனியாக ஓடும்போது அருமை. மேலதிகாரிகள் இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஒரு டேப்லெட் எடுத்து, ஒரே நேரத்தில் வால்யூமை இழுத்தார்கள். சத்தம் 12, 15, 12, 15 என்று துள்ள ஆரம்பித்தது. இருவரும் கையை எடுத்த பிறகும் துள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஃபியூஸைப் பிடுங்கினோம். பிழை என்னுடையதுதான். ஒரு டேப்லெட்டுக்குப் புது வால்யூம் தகவல் வந்தால் அதன் ஸ்லைடர் நகரும். ஸ்லைடர் நகர்ந்தால் வண்டிக்கு வால்யூம் அனுப்பு என்று எழுதியிருந்தேன். நகர்த்தியது மனித விரலா, வந்த தகவலா என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் இரண்டு டேப்லெட்டும் ஒன்றுக்கொன்று பழைய எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன, இரண்டு கிளிகள் மாதிரி. அன்றிலிருந்து மூன்று விதி வைத்திருக்கிறேன். உண்மையான எண் வண்டியிடம் மட்டும் இருக்கும், மற்றவை எல்லாம் அதன் நிழல். விரல் பட்டால் மட்டும் அனுப்பு. ஸ்லைடரில் விரல் இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் எண்ணை ஏற்காதே. நீங்களே ஏதாவது செய்தால் இதைக் கடைப்பிடியுங்கள். இன்னும் ஒன்று, "ஐந்து கூட்டு" என்று அனுப்புவதா "நாற்பதாக்கு" என்று அனுப்புவதா என்ற கேள்வி வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஐந்து கூட்டினால் பத்து கூடி பின்சீட்டில் காது கிழியும். "நாற்பதாக்கு" என்றால் கடைசியாகச் சொன்னவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். நான் இரண்டாவதையே எடுப்பேன், மேலே ஓர் உச்ச வரம்பும் வைத்து. உங்கள் வண்டியிலேயே என்றால் வால்யூமை யாருக்கும் கொடுக்காமல் ஸ்டீயரிங் பட்டனிலேயே விட்டுவிடுவேன்.

ஏசி, ஜன்னல், சன்ரூஃப் இவற்றையும் போனுக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் இந்த இடத்தில் கேட்பார்கள். வேண்டாம். பாட்டுப் பெட்டியும் வண்டியின் மற்ற கம்ப்யூட்டர்களும் உள்ளே எங்கேயோ ஒரு வயரில் சந்திக்கின்றன. 2015ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை வீட்டிலிருந்தபடியே நிறுத்திக் காட்டினார்கள். அவர்கள் நுழைந்தது பிரேக் வழியாக இல்லை. ஸ்கிரீன் பெட்டியில் செல்போன் நெட்வொர்க் வழியாகப் பூட்டில்லாமல் திறந்துகிடந்த ஒரு வாசல், அதன் வழியாக உள்ளே போய், அங்கிருந்து வண்டியின் மற்ற பாகங்களுக்கு. அதற்காக 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ராஸ்பெரி பையை ஆக்ஸில் மாட்டினால் வண்டிக்குள் போவது சத்தம் மட்டும், அதனால் பயமில்லை. ஓபிடி போர்ட்டில், அதாவது மெக்கானிக் கோளாறு பார்க்க மாட்டும் சாக்கெட்டில், ஏதாவது மாட்டிப் போனோடு சேர்ப்பது வேறு விஷயம், அதை நான் செய்ய மாட்டேன்.

மனைவியின் மேப்புக்கு வருவோம். இங்கே அவ்வளவு நல்ல சேதி என்னிடம் இல்லை. பாட்டுக்கு இருப்பதுபோல, ஒரு வழித்தடத்தை நாலு போனும் சேர்ந்து திருத்தும் வசதி கார்ப்ளேயிலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் பார்த்ததில்லை. டெஸ்லா மாதிரி வண்டிக்கே கணக்கு இருக்கும் கார்களில் போன் ஆப்பிலிருந்து முகவரியை வண்டிக்கு அனுப்பலாம். உங்கள் வண்டி அந்த வகை இல்லை. நடைமுறையில் நான் செய்வது, ஸ்கிரீனில் மேப்பைத் தொடும் வேலை முழுவதும் பக்கத்து சீட்டுக்கு. நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் என்பதால் அவர் இடது கையாலும் பக்கத்து சீட்டுக்காரர் வலது கையாலும் ஸ்கிரீனைத் தொட வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வலது கைதான் பழக்கம். அதாவது உங்கள் மனைவி உங்களைவிடச் சரியாகவும் வேகமாகவும் தொடுவார். கொஞ்சம் வேடிக்கையான காரணம்தான், ஆனால் உண்மை.

எங்கல்பார்ட் மாற்றும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்றேன். வண்டியில் அந்த உரிமை ஓட்டுபவருக்கு, ஆனால் அதைப் பயன்படுத்த அவர் ஸ்கிரீனைப் பார்க்கவே கூடாது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டாயம் இல்லை, ஆனால் எங்கள் துறையில் எல்லோரும் அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஒருமுறை கண்ணைத் திருப்பினால் இரண்டு நொடிக்குள் சாலைக்குத் திரும்ப வேண்டும், ஒரு வேலை முழுவதற்கும் சேர்த்துப் பன்னிரண்டு நொடி. மணிக்கு 90 கிலோமீட்டரில் அந்த இரண்டு நொடியில் வண்டி 50 மீட்டர் போயிருக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஓட்டும்போது கையில் போன் வைத்து இயக்குவது 184ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுதல் என்ற கணக்கில் வருகிறது. பாட்டு வரிசையைப் பொதுவில் வைப்பதில் ஒரு புது ஆபத்து இருக்கிறது. பின்சீட்டில் யாராவது பாட்டு சேர்க்கும்போதெல்லாம் உங்கள் போனில் அறிவிப்பு வந்து ஸ்கிரீனில் எட்டிப்பார்க்கலாம். நாலு பேர் சேர்த்தால் நாலு அறிவிப்பு. ஒவ்வொன்றுக்கும் கண் தானாகப் போகும். கிளம்பும் முன் அந்த ஆப்பின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். மெர்சிடிஸ் 2021ல் ஈக்யூஎஸ் காரில் பக்கத்து சீட்டுக்குத் தனித் திரை கொடுத்தபோது, ஓட்டுநர் கண் அந்தப் பக்கம் போனால் கேமரா பார்த்துப் படத்தை மங்கலாக்கும்படி செய்தார்கள். உங்களிடம் கேமரா இல்லை, மனைவி இருக்கிறார்.

கடைசியாக ஆண்ட்ராய்டு செட். இது என் கருத்து, வேறு மாதிரி நினைக்கிறவர்களும் இருப்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காக மாற்றாதீர்கள். அதில் திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் மேப், ஒரு பக்கம் பாட்டு வைக்கலாம் என்று கடையில் காட்டுவார்கள், உண்மைதான், காட்டும்போது நன்றாகவும் இருக்கும். ஆனால் எழுத்துப் பலகையும் கவனமும் அங்கேயும் ஒன்றுதான். கூடவே இப்போதிருக்கும் ஸ்டீயரிங் பட்டனும் ரிவர்ஸ் கேமராவும் புதுச் செட்டோடு ஒத்துப்போகுமா என்பது ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். வயரிங்கை வெட்டி ஒட்டுவேன் என்று சொல்லும் கடை என்றால் வாரண்டியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் ஒரு பத்து நிமிடம் வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்து ஜாமைச் சோதித்துப் பாருங்கள். எல்லோரையும் அவரவர் சீட்டில் உட்காரவைத்து, இரண்டு பிள்ளைகளையும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் "அடுத்த பாட்டு" அழுத்தச் சொல்லுங்கள். ஒரு பாட்டு தாண்டுகிறதா, இரண்டு தாண்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு தாண்டினால், பாட்டைச் சேர்ப்பது மட்டும் பிள்ளைகள், தாண்டுவது மனைவி மட்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். என்ன வந்தது என்று செட்டின் மாடலோடு இங்கேயே எழுதினால் மேற்கொண்டு பார்க்கிறேன்.